பின்சீட்டுக்கு வந்த தலைவர்

அன்றைக்குத்தான் காரின் நாலு கதவும் ஒரே தள்ளில் சாத்தின.

அதற்கு முன்பு அப்படி நடந்ததில்லை. பின்கதவை மூன்று தடவை அடிக்க வேண்டும். முதல் அடியில் யாருடைய வேட்டியாவது மாட்டும். இரண்டாவது அடியில் யாராவது “கை, கை” என்பார். மூன்றாவதில் சாத்தும். அம்பாசடர் கார். எட்டுப் பேர் ஏறுவார்கள். ஒன்பது பேரும் ஏறியிருக்கிறார்கள்.

அன்று ஒருவர்தான் ஏறினார். தலைவர்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். மத்தியானம் மூன்று மணி இருக்கும். உள்ளே கட்சித் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணிவிட்டார்கள். வெளியே சரவெடி போட்டார்கள். பிரியாணி அண்டா கழுவிய தண்ணீர் ரோட்டில் ஓடியது. அதில் வெடித்தாள் மிதந்து போனது. வெடிப்புகையும் பிரியாணியும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வரும்.

தலைவர் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

பதினாறு வருடம் அவருக்குக் கார் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் பின்னால் உட்கார்ந்ததில்லை. முன்சீட்டில், எனக்கு இடது பக்கம்தான் அவர் இடம். அதனால் எனக்கு அவருடைய வலது காது நல்ல பழக்கம். முழு முகத்தைக் கண்ணாடியில் பார்த்தது அன்றுதான். யாரோ வெளியூர் ஆள் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

“போலாம்” என்றார்.

எங்கே என்று சொல்லவில்லை. வண்டியை எடுத்தேன்.

இந்தத் தொடரைப் போன வாரம் நான் வாழைத்தார் லாரி ஓட்டிய கதையோடு நிறுத்தியிருந்தேன். லாரிக்கும் இந்தக் காருக்கும் நடுவில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காது கேளாத டிரைவர்

தலைவர் பெயர் நல்லமுத்து. ஒன்றியச் செயலாளர். கட்சி எது என்று எழுதவில்லை. எந்தக் கட்சியை வைத்துப் படித்தாலும் பொருந்தும்.

எனக்கு முன்னால் ஒரு டிரைவர் இருந்தான். காரில் பேசுவதையெல்லாம் தலைவரிடம் ஓதுவான். அதை நம்பி அவர் இரண்டு பேரைக் கட்சியை விட்டு நீக்கினார். இரண்டு பேரும் ஒன்றும் செய்யாதவர்கள். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உண்மை தெரிந்ததும் டிரைவரையும் அனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு காரில் ஏற ஆள் இல்லை. பயம். தலைவர் கார் காலியாகப் போனது.

அந்த நேரத்தில் நான் போய் நின்றேன். படிப்பு ஐந்தாவது. லைசென்ஸ் இருந்தது.

“பேரு?”

“சவரிமுத்து.”

“எந்த ஊரு?”

“இங்கதான்.”

“வண்டி ஓட்டுறது போக வேறென்ன தெரியும்?”

“ஒன்னும் தெரியாது.”

அவருக்குப் பிடித்துவிட்டது.

“ஒரே ஒரு உத்தரவு. கார்ல கேட்டத வெளிய சொல்லக்கூடாது. யாருகிட்டயும். எங்கிட்டயும் சேத்துத்தான். கேட்டா எனக்குப் புத்தி கெட்டுப்போகுது.”

“சரி” என்றேன்.

கட்சிக்காரர்களிடம் வேறு சொல்லியிருக்கிறார். “பாவம்ப்பா, பயலுக்குக் காது மந்தம். லாரி எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து போச்சு. சத்தமாச் சொன்னாத்தான் கேக்கும்.”

மறுநாளே கார் நிறைந்துவிட்டது.

எனக்கு நாலாவது நாள்தான் தெரிந்தது. ஒருவர் என் காதைப் பிடித்து இழுத்து, “இடது பக்கம் திரும்பணும்” என்று கத்தினார். கேட்கும் என்று சொல்லலாம் என நினைத்தேன். ஒவ்வொருவரிடமாகச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

மாமனார்

விட்டது தப்பு.

எனக்குப் பெண் பார்த்தது நெய்க்காரப்பட்டியில். மாமனார் கட்சி ஆபீசில் வந்து விசாரித்திருக்கிறார். பையன் தங்கம், காதுதான் கொஞ்சம், என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பெண் பார்க்கப் போனதும் அவர் எழுந்து என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, காப்பி குடிக்கறீங்களா?”

ஓட்டுக் கூரையில் இருந்த புறா பறந்தது.

“குடிக்கிறேன்” என்றேன்.

உள்ளே திரும்பி, “கேக்குதுங்க. கத்தோணும், அவ்ளோதான்” என்றார்.

கல்யாணமாகி ஒரு வாரத்தில் என் மனைவிக்கு உண்மை தெரிந்துவிட்டது. மாமனார் மட்டும் நம்பவில்லை. “எனக்கு நல்லாக் கேக்கும் மாமா” என்று நானே சொன்னேன். தோளைத் தட்டி, “வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை” என்று கத்தினார்.

பின்மண்டை

காரில் யார் எங்கே உட்கார்வது என்பதில் ஒரு முறை உண்டு.

முன்னால் தலைவர். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஒல்லியான ஆள். பின்னால் மற்றவர்கள். பின்சீட்டில் இடது கதவோரம் கதிரேசன். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. தலைவருக்கு நேர் பின்னால். அவர் வேலை கதவு. கார் நிற்பதற்கு முன்னால் குதித்துவிடுவார். தலைவர் கால் எடுத்து வைப்பதற்குள் முன்கதவு திறந்திருக்கும். ஊரில் அவருக்குக் கதவு கதிரேசன் என்றே பெயர். ஒரு தடவை அகரத்தில் கார் நிற்பதற்கு ரொம்ப முன்னால் குதித்துச் சாக்கடையில் விழுந்தார். நான் காரை நிறுத்தியபோது இடுப்பு வரை சேற்றோடு வந்து கதவைத் திறந்தார். தலைவர் இறங்கினார். கதிரேசனைப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்துக்குப் போனார்.

தலைவர் பின்னால் திரும்பவே மாட்டார். கர்வம் என்று சொல்ல முடியாது. பழக்கம். பேசுவதையெல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார். பின்னால் இருப்பவர்கள் அவருடைய பின்மண்டையைப் பார்த்து “ஆமா தலைவரே” என்பார்கள். அவருக்குக் குரல் தெரியும். முகம் தெரியாது.

அகரம் கிளைச் செயலாளர் செல்லையா. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காரில் வருகிறவர். ஒரு நாள் கடைவீதியில் தலைவருக்கு எதிரே வந்து கும்பிட்டார். தலைவர் நின்று, “யாரு, எந்த ஊரு?” என்று கேட்டார்.

“அகரம், தலைவரே.”

“அட, நம்ம செல்லையா. கொரலக் காட்ட வேணாமாய்யா?”

செல்லையா சிரித்தார். அன்று முழுக்கக் காரில் அவர் பேசவில்லை.

மற்றபடி தலைவர் நல்லவர்தான். மனு கொடுத்தால் அங்கேயே பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போடுவார். வெயில் நேரத்தில் பானெட் சுடும். படிக்காமல் போட்டுவிடுவார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மத்தியானம்தான் வருவார்கள்.

நாற்காலி போனது

கட்சிப் பதவியோடு ஒன்றியப் பெருந்தலைவர் நாற்காலியும் கொஞ்ச வருடம் அவரிடம் இருந்தது. பிறகு அதைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வீட்டு அம்மாவை, அதாவது தன் மனைவியை, நிற்கச் சொன்னார். நான் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ சும்மா நின்னாப் போதும். நான் பாத்துக்கிறேன்.”

“நான் நிக்கிறேன். நீங்க அடுப்படியில நிக்கிறீங்களா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாற்காலி வேறு கட்சிக்குப் போனது.

மறுநாள் யூனியன் ஆபீஸ் பக்கம் போனோம். வாட்ச்மேன் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். பாதியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தூக்கிய கையால் தலையைச் சொறிந்தார்.

காரில் ஒன்பது பேர் ஆறானார்கள். ஆறு ஐந்தானது. கதவு இரண்டு அடியிலேயே சாத்தத் தொடங்கியது. இதைக் கவனித்தது நான் ஒருவன்தான். சொல்லக்கூடாது என்று உத்தரவு.

“நாற்காலி போகும், வரும். கட்சி இருக்குல்ல” என்றார் தலைவர், முன்கண்ணாடியிடம்.

“ஆமா தலைவரே” என்று பின்னால் குரல் வந்தது. ஐந்து பேர் இருந்தார்கள். நாலு குரல்தான் கேட்டது. கதிரேசன் சொல்லவில்லை.

மலை மேல் முப்பத்தாறு பேர்

அப்புறம் கட்சித் தேர்தல் வந்தது. முப்பத்தாறு கிளைச் செயலாளர்கள் ஓட்டுப் போட்டு ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாகத் தலைவர்தான். எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்தத் தடவை நூல் மில் முதலாளி ஒருவர் நிற்கப்போவதாகப் பேச்சு.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஓட்டுப் போடுகிறவர்களைத் தேர்தலுக்கு முன்னால் எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவது. மூன்று நாள் விருந்து. எதிராளி நெருங்க முடியாது. தலைவர் சிறுமலையைத் தேர்ந்தெடுத்தார். தெரிந்தவர் ஒருவருடைய தோட்டம். வாழையும் மிளகும். பஸ் எப்போதாவதுதான் வரும். மில் முதலாளி வந்தால் மலையடிவாரத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் சரியான யோசனை. மேலே இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கதிரேசனிடம் கொடுத்தார். அது ஒன்றுதான் தப்பு.

கீழிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது நான். வேன் ஒன்றும் வந்தது. தலைவர் ஊரில் இருந்துகொண்டார். அவர் இல்லாமல் முன்சீட்டு காலியாக இருந்தது. பின்சீட்டில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. பழக்கம்.

மூன்றாவது நடையில் ரேடியேட்டர் கொதித்தது. வளைவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி ஏறும்போது பேச்சு ஆரம்பித்தது.

“தலைவரு மேல வர மாட்டாரா?” என்று ஒருவர் கேட்டார்.

“வந்தாத்தான் என்ன?” என்றார் செல்லையா. “அந்த மண்டையத்தான பாக்கப் போறோம்.”

கார் குலுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கய்யா. அதுல எந்தெந்த முடி எப்ப நரச்சுச்சுன்னு எனக்குத் தெரியும். எம்மூஞ்சி அவருக்குத் தெரியாது. செத்துப்போனா மாலை போட வந்து யாரு வீட்டு எழவுன்னு கேப்பாரு.”

சிரித்தவர்களில் ஒருவர் செல்லையா பக்கம் திரும்பினார்.

“மில்லுக்காரருக்குப் போடவா சொல்றீங்க?”

“அவருக்கு எதுக்கு?” என்றார் கதிரேசன். குரல் மெதுவாக வந்தது. “நான் நின்னாப் போடுவீங்களா?”

இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.

“ஏப்பா, டிரைவரு இருக்கான்” என்றார் யாரோ.

“அவனா? அவன் காதுகிட்ட அணுகுண்டு போட்டாலும் யாரு கூப்பிட்டான்னு கேப்பான்” என்றார் கதிரேசன். பிறகு முன்னால் குனிந்து, “சவரி, தண்ணி போதுமாடா?” என்று கத்தினார்.

“போதும்” என்றேன்.

மேலே அவர் பிரசாரம் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் குனிந்தார். முகத்தைப் பார்த்தார். “வெஞ்சனம் போதுமாண்ணே?” என்று தொட்டுக்கொள்ளும் கறியைக் காட்டிக் கேட்டார். அவ்வளவுதான். ஒருவர் அழுதே விட்டார்.

கறி தலைவர் வீட்டுக் கிடா. நான்தான் டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் காரில் மலையேறியதில் தலைவருக்கு எதிராக எதுவும் பேசாதது அந்தக் கிடா ஒன்றுதான்.

வண்டி விஷயமா, வாய் விஷயமா

நான் தலைவர் உப்பைத் தின்றவன். அவர் உத்தரவும் இருக்கிறது. இரண்டும் அவருடையது.

அன்று சாயந்திரம் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“தலைவரே, ஒரு விஷயம்.”

“வண்டி விஷயமா, வாய் விஷயமா?”

“வாய்.”

“வேணாம்” என்று கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் யோசித்துக்கொண்டு போனேன்.

“வண்டி விஷயம், தலைவரே.”

“சொல்லு.”

“மலைக்கு வார ஆளுக எல்லாரும் இடது பக்கமாவே சாயுறாக.”

இடது பக்கம் யார் இடம் என்று அவருக்குத் தெரியும். புரியும் என்று நினைத்தேன். அவர் தாடையைத் தடவினார்.

“ஸ்பிரிங் போயிருக்கும். மாத்திரு.”

“ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு.”

“ஏலே, சாயுதுன்னு நீதானடா சொல்ற?”

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“புதுசு மாதிரி இருக்கு. இத எதுக்கு மாத்தணும்?”

“உத்தரவு.”

மாற்றினார். அரை நாள் போனது.

மூன்றாவது தடவை என்ன சொல்வதென்று தெரியவில்லை. போய் முன்னால் நின்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, லீவு வேணுமா?”

“இல்ல.”

“பெறகு ஏன் நிக்கிற?”

“சும்மா.”

நின்றுகொண்டே இருந்தேன். என் கணக்கில் அது பெரிய பேச்சு. காப்பி கொண்டு வந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள்.

“அந்தத் தம்பி என்னமோ சொல்ல வருது. கேளுங்களேன்.”

“சொல்ல மாட்டான். அதுக்குத்தான இவன வச்சிருக்கேன்” என்றார் தலைவர். குரலில் பெருமை. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு டிரைவர் யாருக்கும் இல்லை என்றார். காப்பியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தேன். கசந்தது.

ஒன்பதாவது வளைவு

தேர்தல் அன்று காலையில் மலையிலிருந்து இறங்கினோம். காரில் கதிரேசன், செல்லையா, இன்னும் ஆறு பேர். பின்னால் வேனில் மற்றவர்கள். ஓட்டுப்பதிவு பதினொரு மணிக்கு. மேலிடத்திலிருந்து பார்வையாளர் வந்திருந்தார். நேரத்துக்கு ஆள் வராவிட்டால் தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்விடுவார் என்று காரிலேயே பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது வளைவில் ரோடு குறுகல். அங்கே கார் நின்றால் பின்னால் வரும் வேன் தாண்ட முடியாது.

நிறுத்தினேன்.

“என்னாச்சு?” என்று கதிரேசன் கத்தினார்.

“பாக்குறேன்.”

பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் வயர் ஒன்று இருக்கிறது. பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தால் போதும். வேறு வயர் கீழே போய்த்தான் வாங்கி வர வேண்டும். தேர்தல் தள்ளிப்போகும். தலைவருக்கு எப்படியாவது விஷயம் போய்ச் சேரும். பதவி தப்பிக்கும்.

வயரைப் பிடித்துவிட்டேன். சூடாக இருந்தது. மலையில் நல்ல பனி. பானெட்டிலிருந்து ஆவி போனது.

யோசித்தேன். வாயால் சொன்னால்தான் சொன்னதா? வயரைப் பிடுங்கினாலும் சொன்னது மாதிரிதான். இன்னொன்றும் இருந்தது. நேரத்துக்குக் கொண்டு வந்து சேர் என்று அன்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். பதினாறு வருடத்தில் நான் நேரம் தவறியதில்லை.

செல்லையா இறங்கி வந்தார். மலைவாழைப்பழம் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார். “காலையில சாப்புடலையாடா?” என்று காதில் கத்தினார்.

வயரை விட்டேன். பழத்தைத் தின்றேன். பானெட்டைச் சாத்தினேன்.

மண்டபத்துப் படியில் தலைவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தரை. முப்பத்தாறு பேரும் இறங்குவதைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

“டாண்ணு கொண்டாந்து சேத்துட்டியேடா” என்று என் முதுகில் தட்டினார்.

திரும்ப மண்டப வாசல்

மில் முதலாளி நிற்கவில்லை. கதிரேசன் பெயரை எழுந்து முன்மொழிந்தது செல்லையா. தலைவர் சிரித்தாராம், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. சொன்னார்கள். நான் வெளியே காரில் இருந்தேன்.

கதிரேசனுக்கு இருபத்தொன்பது. தலைவருக்கு ஏழு.

வெடி வெடித்தது. தலைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் படியிறங்கி வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. விலகியதோடு சரி, யாரும் கூட வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கதிரேசன் கழுத்து நிறைய மாலையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். தலைவருக்கு முன்னால் போய்க் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. திறந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சாத்துவதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் நின்றார். மாலையிலிருந்து ரோஜா இதழ் சீட்டில் விழுந்தது.

தலைவர் திறந்த கதவைப் பார்த்தார். கதிரேசன் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக என்று நினைக்கிறேன்.

“கைய எடுய்யா. இனி ஒனக்கு எவனாச்சும் தொறந்து விடணும்” என்றார்.

பின்கதவைத் தானே திறந்து உட்கார்ந்தார். நாலு கதவும் ஒரே தள்ளில் சாத்தின.

தாடிக்கொம்பு ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

“நான் இப்ப செயலாளர் இல்ல. அந்த உத்தரவு செல்லாது. சொல்லு.”

சொன்னேன். மலையில் கேட்டது, அதற்கு முன்னால் கேட்டது, பதினாறு வருடத்துக்கு உண்டானது. வீடு வந்துவிட்டது. “சுத்திப் போ” என்றார். சுற்றினேன். மறுபடி வீடு வந்தது. மறுபடி சுற்றச் சொன்னார். சில இடத்தில் சிரித்தார். செல்லையா சொன்னதைச் சொன்னபோது கையைக் கொண்டுபோய்ப் பின்மண்டையைத் தடவினார்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“மூணு வாட்டி சொன்னேன்.”

அவர் யோசித்தார். “அந்த ஸ்பிரிங்கு…”

“ஆமா.”

“மாத்திட்டியா?”

“மாத்தியாச்சு.”

“மூணாவது எப்ப?”

“வந்து நின்னேன்ல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஏழு ஓட்டு

அந்த வாரம் தலைவர் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவராக, பின்வாசல் வழியாக. “அந்த ஏழுல ஒன்னு எம்மோடது தலைவரே” என்று சத்தியம் செய்தார்கள். ஏழு ஓட்டுக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள்.

எங்கள் தெருவுக்குக் கதிரேசன் வந்தார். புதுச் சுமோ வாங்கியிருந்தார். என்னை வெளியே கூப்பிட்டு ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைக் காட்டினார்.

“நம்ம வண்டிக்கு வந்துர்றா! ஒன்ன மாதிரி ஆளு கெடைக்காது!”

“யோசிக்கிறேன்” என்றேன்.

அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. சாயந்திரத்துக்குள் தலைவருக்கும் போய்விட்டது. என் மனைவி போகச் சொன்னாள். தோற்றவர் காரை எத்தனை நாள் வைத்திருப்பார் என்றாள். அதுவும் நியாயம்.

அடுத்த வாரம் அதே மண்டபத்தில் கதிரேசனுக்குப் பாராட்டு விழா. காலையில். தலைவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. போனார். கதிரேசனுக்குச் சால்வை போட்டார். மைக்கைப் பிடித்தார். நான் பின்னால் மைக் செட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பிளாஸ்கோடு நின்றேன்.

“கதிரேசன் எல்லார் மூஞ்சியையும் பாத்துப் பேசுறவரு. எனக்கு அது வரல. அவரு நல்லா நடத்துவாரு. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு எறங்கிர்றேன். என் டிரைவர் சவரிமுத்துக்குக் காது நல்லாக் கேக்கும். மொத நாள்லருந்தே.”

மைக்கை வைத்துவிட்டு இறங்கினார்.

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. யார் யார் என்னென்ன பேசினோம் என்று அவரவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. செல்லையா செருப்பைத் தேடுகிற மாதிரி நாற்காலிக்கு அடியில் குனிந்தார். நிமிரவில்லை. மேடையில் கதிரேசன் சோடாவை வாய் வரை கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். சுமோ வேலை எனக்கு அந்த நிமிடத்தில் போனது.

வெளியே வந்தோம்.

“இனி ஒன்ன எவனாச்சும் வேலைக்கு வச்சுக்குவானா?” என்று கேட்டார் தலைவர்.

“மாட்டான்.”

“அப்ப நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு.”

கட்சியில் அவர் கடைசியாகச் செய்த அரசியல் அது. ஒரே ஒரு ஆளைத் தக்கவைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் வீட்டுக்கு மலைவாழைத்தார் வந்தது. தேங்காய் வந்தது. அகரத்திலிருந்து ஒரு கூடை கத்தரிக்காய் வந்தது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நெய்க்காரப்பட்டிக்கு மட்டும் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மாமனார் இன்றும் கத்தித்தான் பேசுகிறார்.

விழாவுக்கு மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். தலைவர் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பின்கதவைப் பார்த்தார். முன்கதவைப் பார்த்தார். முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஆனால் ரோட்டைப் பார்க்கவில்லை. உடம்பை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், மாமனார் எப்படி இருக்கிறார்.

வண்டி ஓட்டச் சிரமமாக இருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.